தேய்த்தால் அழியும் சரித்திரம்

1960களில் மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை, ஆங்கிலேயர் காலத்து லீ-என்ஃபீல்டு துப்பாக்கியை 7.62 மி.மீ. தோட்டாவுக்கு ஏற்ப மாற்றித் தயாரித்தது. பணி முடிந்த துப்பாக்கிகள் பல அமெரிக்கச் சேகரிப்பாளர்களிடம் போய்ச் சேர்ந்தன. அவற்றின் மரக்கட்டைகளில் பல கிரீசும் அழுக்கும் ஊறிக் கறுத்திருக்கும்.

புதிதாக வாங்கியவரின் கை முதலில் போவது உப்புத்தாளுக்கு. தவறும் அங்கேதான் தொடங்குகிறது. மரத்தில் பொறித்த முத்திரைகளும் எண்களும் தேய்ந்து போகும். கூடவே விலையும் சரியும். மகசினுக்கு முன்னால் குறுக்கே ஓடும் திருகாணியையும் சிலர் ஒட்டுவேலை என்று நினைத்து மறைக்கப் பார்க்கிறார்கள். மரம் பிளக்காமலிருக்க இஷாப்பூரில் போட்டது அது.

அனுபவசாலிகள் அவசரப்படுவதில்லை. தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, முதலில் முன்கட்டையைக் கழற்றுகிறார்கள். அதற்குமுன் பின்கட்டையின் போல்ட்டைத் திருகினால் முன்கட்டை பிளந்துவிடும். டர்பன்டைன் தொட்ட துணியால் அழுக்கு நீங்குகிறது. பள்ளம் விழுந்த இடத்தில் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்தால், நசுங்கிய மரநார் ஆவியில் உப்பி எழும். பிறகு ஆளிவிதை எண்ணெய்: கையால் மெல்லிய பூச்சு, நன்றாக உலர்ந்தபின் அடுத்தது.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடக் கூடாது, தானாகவே தீப்பற்றும். விரித்து உலர்த்த வேண்டும்.

வேலை முடிந்த பிறகும் கட்டையில் கீறல்கள் இருக்கும். அவை முன்பு அதைத் தூக்கி நடந்த சிப்பாயுடையவை. அவற்றை யாரும் தொடுவதில்லை.