கியோட்டோ பரிசு 2006 (உயர் தொழில்நுட்பம்)

2006 ஆம் ஆண்டின் உயர் தொழில்நுட்பப் பிரிவுக்கான கியோட்டோ பரிசு, அமெரிக்க நோயெதிர்ப்பியலாளரும் மரபியலாளருமான லெனார்டு ஹெர்சன்பர்க் (1931 - 2013) என்பவருக்கு வழங்கப்பட்டது. ஒளிர்சாயம் ஏற்றிய பிறபொருளெதிரிகளைப் பயன்படுத்தி உயிரணுக்களை இனம் காணும் பாய்வு உயிரணுமானியை உருவாக்கி, உயிர் அறிவியலுக்கு ஆற்றிய பங்களிப்புக்காக இப்பரிசு அளிக்கப்பட்டது. பாய்வு உயிரணு அளவியல் துறைக்குக் கிடைத்த முதன்மையான பன்னாட்டு அங்கீகாரங்களுள் இதுவும் ஒன்று ஆகும்.

பரிசு

ஜப்பானியத் தொழிலதிபர் கசுவோ இனமோரி 1984 இல் நிறுவிய இனமோரி அறக்கட்டளை, 1985 முதல் கியோட்டோ பரிசை வழங்கி வருகின்றது. உயர் தொழில்நுட்பம், அடிப்படை அறிவியல், கலையும் மெய்யியலும் என மூன்று பிரிவுகள் உள்ளன. 2006 இல் பரிசுத்தொகை ஒவ்வொரு பிரிவுக்கும் 5 கோடி யென் ஆகும். அவ்வாண்டு ஏனைய இரு பிரிவுகளில் புள்ளியியலாளர் இரோட்டுகு அகைக்கே, ஆடை வடிவமைப்பாளர் இசே மியாக்கே ஆகியோர் பரிசு பெற்றனர்.

கருவி இயங்கும் முறை

ஆய்வுக்குரிய உயிரணுக்கள் முதலில் ஒளிர்சாயம் இணைக்கப்பட்ட பிறபொருளெதிரிகளுடன் கலக்கப்படுகின்றன. ஒவ்வொரு வகைப் பிறபொருளெதிரியும் உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள ஒரு குறிப்பிட்ட மூலக்கூறில் மட்டுமே ஒட்டும். பின்னர் உயிரணுக்கள் மெல்லிய நீர்மத் தாரையில் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்று லேசர் கதிரைக் கடக்கின்றன. சிதறும் ஒளியைக் கொண்டு உயிரணுவின் பருமனும் உட்கட்டமைப்பும், சாயத்தின் ஒளிர்வைக் கொண்டு அதன் வகையும் கணிக்கப்படுகின்றன.

பிரித்தெடுக்கும் வசதியுள்ள கருவிகளில், நுண்குழலை அதிரச் செய்து தாரை சிறு துளிகளாக உடைக்கப்படுகின்றது. வேண்டிய உயிரணுவைத் தாங்கிய துளிக்கு மட்டும் மின்னேற்றம் தரப்படும். உயர் மின்னழுத்தத் தகடுகளுக்கிடையே விழும்போது அத்துளி விலகித் தனிக் கலத்தில் சேரும். பிரிக்கப்பட்ட உயிரணுக்களை உயிருடன் வளர்த்து மேலும் ஆராய இயலும் என்பது இம்முறையின் சிறப்பு ஆகும்.

வரலாறு

இக்கருவி ஒருவரது தனிக் கண்டுபிடிப்பு அன்று. துளை ஒன்றின் வழியே செல்லும் துகள்களை மின்தடை மாற்றத்தால் எண்ணும் முறைக்கு வாலஸ் கூல்ட்டர் 1953 இல் காப்புரிமம் பெற்றார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு சுவீட், மைத்துளிகளை மின்புலத்தால் விலக்கும் முறையை உருவாக்கினார். இது மைவீச்சு அச்சுப்பொறிக்கான ஆய்வில் விளைந்தது. லாஸ் அலமாஸ் ஆய்வகத்தின் மேக் ஃபுல்வைலர் இவ்விரண்டையும் இணைத்து, பருமன் அடிப்படையில் உயிரணுக்களைப் பிரிக்கும் கருவியை 1965 இல் வெளியிட்டார்.

நுண்ணோக்கியில் ஒளிரும் உயிரணுக்களை எண்ணிக் களைத்திருந்த ஹெர்சன்பர்க், பருமனுக்குப் பதிலாக ஒளிர்வை அளந்தால் என்ன என்று எண்ணினார். ஃபுல்வைலர் கருவியின் வரைபடங்களைப் பெற்று, பொறியாளர்களின் துணையுடன் ஸ்டான்ஃபோர்டில் புதிய கருவியை அமைத்தார். இது 1969 இல் வெளியிடப்பட்டது. 1972 இல் லேசர் பயன்படுத்தும் மேம்பட்ட வடிவம் வெளியாயிற்று. இதே காலத்தில் ஜெர்மனியின் முன்ஸ்டர் நகரில் வொல்ஃப்காங் கோடே ஒளிர்வை அளக்கும் பாய்வுக் கருவியை 1968 இல் தனியே உருவாக்கியிருந்தார். 1970களின் நடுப்பகுதியில் ஸ்டான்ஃபோர்டு கருவி பெக்டன் டிக்கின்சன் நிறுவனத்தால் வணிகமுறையில் விற்பனைக்கு வந்தது.

ஹெர்சன்பர்க் 1976-77 இல் கேம்பிரிட்ஜில் செசார் மில்ஸ்டைனின் ஆய்வகத்தில் பணியாற்றினார். ஒரே தன்மையுள்ள பிறபொருளெதிரிகளைத் தடையின்றித் தரும் கலப்பு உயிரணுக்களுக்கு 'ஹைப்ரிடோமா' என்னும் பெயரைச் சூட்டியவர் இவரே.

பயன்பாடுகள்

- எய்ட்சு நோயாளிகளின் சிடி4 உயிரணுக்களை எண்ணுதல். ஒரு மைக்ரோலிட்டர் குருதியில் இவ்வெண்ணிக்கை 200க்குக் கீழ் குறைவது நோய் முற்றிய நிலையைக் காட்டும்.
- குருதிப் புற்றுநோயின் வகையை அறிதல்.
- குருதிக் குருத்தணுக்களைப் பிரித்தல். எலியின் குருத்தணுக்களை இர்விங் வைஸ்மன் குழுவினர் 1988 இல் இம்முறையால் பிரித்தெடுத்தனர்.

அங்கீகாரமும் பங்களிப்பும்

பரிசு ஒருவருக்கு வழங்கப்படினும், அதன் பின்னே பலரது உழைப்பு உள்ளது. ஃபுல்வைலர் 2001 இலும், கூல்ட்டர் 1998 இலும் காலமாகிவிட்டனர். ஹெர்சன்பர்க்கின் துணைவியார் லெனோர் ஹெர்சன்பர்க் ஆய்வகத்தைப் பல பத்தாண்டுகள் இணைந்து நடத்தியவர். இவர் முறையான கல்லூரிப் படிப்பை முடிக்கவில்லை. கணவர் ஆய்வு மாணவராயிருந்த கால்டெக்கில், இளநிலைப் படிப்பில் 1970 வரை பெண்களுக்கு இடம் இல்லாமையால், வகுப்புகளில் பார்வையாளராக அமர்ந்தே பயின்றார். பிற்காலத்தில் ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியர் ஆனார்.

இத்துறையின் பன்னாட்டுக் கழகமும் வல்லுநர்களைப் பல வகையில் சிறப்பிக்கின்றது. அதன் ஆண்டு மாநாட்டில் ராபர்ட் ஹூக் பெயரில் சொற்பொழிவு நிகழ்த்தப்படுகின்றது. முன்னோடி ஆய்வாளர் மேரிலூ இங்ரம் பெயரிலான திட்டம் இளம் ஆய்வாளர்களை ஊக்குவிக்கின்றது.