ராத்திரி பகலாகக் "கதவு தட்டும்" மர்ம ஆசாமிகள்!
வீட்டுக் கம்ப்யூட்டருக்குத் தாழ்ப்பாள் போடுவது எப்படி?

செங்கல்பட்டு,-

கம்ப்யூட்டர் உள்ள வீடுகளில், கண்ணுக்குத் தெரியாத ஆசாமிகள் ராத்திரி பகலாகக் கதவு தட்டுகிறார்கள்!

பெரும்பாலும் தட்டுவதோடு சரி. உள்ளே வருவது இல்லை. ஆனால், தாழ்ப்பாள் போடாத வீடு அகப்பட்டால் விடுவது இல்லை.

இந்தக் கதவு தட்டலுக்குப் பெயர் "போர்ட் ஸ்கேன்".

கிளார்க் பதறினார்

செங்கல்பட்டில் ஒரு கிளார்க் என்று வைத்துக்கொள்வோம். மின்சார ரெயிலில் நின்றபடியே வந்து, வீடு சேர்ந்து, கம்ப்யூட்டரைத் திறக்கிறார்.

"போர்ட் ஸ்கேன் தடுக்கப்பட்டது" என்று திரையில் ஒரு எச்சரிக்கை. 10 நிமிடத்தில் இன்னொன்று. மறுநாளும் அதே கதை.

"எவனோ நம்ம வீட்டையே குறி வெச்சிருக்கானே!" என்று கிளார்க் பதறுகிறார்.

கல்லூரியில் படிக்கும் மகள் சிரிக்கிறாள். "அப்பா, தடுத்தாச்சுன்னுதானே போட்டிருக்கு. அப்புறம் ஏன் பயப்படுறீங்க?"

மகள் சொன்னதுதான் சரி. காவல்காரன் தூங்கவில்லை என்பதற்கு அடையாளம் அந்த எச்சரிக்கை.

65 ஆயிரம் கதவுகள்

இன்டர்நெட்டில் சேர்ந்த ஒவ்வொரு இணைப்புக்கும் வீட்டு விலாசம் போல ஒரு நம்பர் உண்டு. அந்த ஒரு விலாசத்தில் 65 ஆயிரத்து 536 கதவுகள். அவைதான் "போர்ட்".

வெப்சைட்டுக்கு 443-ம் நம்பர் கதவு. விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் பைல்களைப் பகிர்ந்துகொள்ள 445. வெளியூரில் இருந்தபடி கம்ப்யூட்டரை இயக்க 3389. பழைய "டெல்நெட்" முறைக்கு 23.

எந்தக் கதவு திறந்து கிடக்கிறது என்று தட்டிப் பார்ப்பதுதான் போர்ட் ஸ்கேன்.

தட்டுவது ஆள் அல்ல, எந்திரம்! பழைய முறை விலாசங்கள் உலகம் முழுவதும் சுமார் 430 கோடி. அத்தனை விலாசத்திலும் ஒரு கதவை 45 நிமிடத்துக்குள் தட்டிவிட முடியும் என்று 2013-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். செங்கல்பட்டில் ஏறியவர் தாம்பரத்தில் இறங்குவதற்குள் உலகத்தையே தட்டி முடித்துவிடலாம்!

ஆகவே, கிளார்க் வீட்டை யாரும் தனியாகக் குறி வைக்கவில்லை. தெருவில் எல்லா வீட்டையும் தட்டுகிறார்கள். ஆராய்ச்சிக்காகத் தட்டுகிறவர்களும் அதில் உண்டு.

ஒரகடத்தில் பாதிப்பு

பயம் இல்லை என்பதற்காக அலட்சியமும் கூடாது.

2016-ல் "மிராய்" என்ற கெட்ட புரோகிராம், உலகமெங்கும் 23-ம் நம்பர் கதவைத் தட்டியது. திறந்திருந்த கேமராக்கள், மோடங்களில் "அட்மின்" போன்ற பழைய பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்த்து உள்ளே புகுந்தது. லட்சக்கணக்கான கருவிகள் அதற்கு அடிமை ஆயின. இந்த வழக்கில் அமெரிக்க இளைஞர்கள் 3 பேர் 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

2017 மே மாதம் "வான்னாகிரை" வந்தது. 445-ம் நம்பர் கதவு வழியாகக் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் தாவியது. பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. சிங்கப்பெருமாள்கோவிலில் திரும்பினால் வரும் ஒரகடத்தில், ரெனால்ட்-நிசான் கார் தொழிற்சாலையும் பாதிக்கப்பட்டது. இந்த ஓட்டையை அடைக்கும் "அப்டேட்"டை மைக்ரோசாப்ட் கம்பெனி 2 மாதம் முன்பே கொடுத்துவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

அதே ஆண்டு ஜூலையில், கர்நாடகத்தில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடங்கள் தாக்கப்பட்டன. கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாத மோடங்கள்தான் சிக்கின. உடனே மாற்றும்படி வாடிக்கையாளர்களுக்கு பி.எஸ்.என்.எல். வேண்டுகோள் விடுத்தது.

கடைக்காரர்களே, உஷார்!

கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் என்று கடலோரம் நெடுகக் கடைகளும் தங்கும் விடுதிகளும் உள்ளன. கல்லாவுக்கு மேலே கேமரா. வீட்டில் இருந்தபடியே முதலாளி செல்போனில் கடையைப் பார்க்கிறார்.

இதற்காகக் கேமரா மாட்ட வந்தவர் மோடத்தில் ஒரு கதவைத் திறந்துவிட்டு, பாஸ்வேர்டை மாற்றாமல் போயிருந்தால் என்ன ஆகும்? முதலாளி பார்க்கும் காட்சியை மர்ம ஆசாமியும் பார்ப்பான்!

ஷட்டருக்கு இரண்டு பூட்டு போடுகிறவர்கள், கேமராப் பெட்டிக்கு ஒரு பூட்டாவது போட வேண்டாமா?

செய்ய வேண்டியது என்ன?

மோடம், கேமராப் பெட்டி இரண்டுக்கும் நீளமான புதிய பாஸ்வேர்டு போட வேண்டும். மோடத்தை வெளியில் இருந்து இயக்கும் வசதியையும், "போர்ட் பார்வர்டிங்", "யு.பி.என்.பி." ஆகியவற்றையும், தேவை இல்லை என்றால் நிறுத்திவிட வேண்டும். கம்ப்யூட்டரில் "பயர்வால்" ஓட வேண்டும். அப்டேட் வந்தால் தள்ளிப்போடக் கூடாது.

தட்டுகிறவனைத் திருப்பித் தாக்கக் கிளம்புவது வேண்டாத வேலை. அனுமதி இல்லாமல் அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் புகுவது, தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி 3 ஆண்டு வரை ஜெயில் தண்டனைக்கு உரிய குற்றம். தட்டியது யாரோ ஒரு அப்பாவியின் மோடமாகவும் இருக்கலாம்.

எப்போது கவலைப்பட வேண்டும்? தட்டிய விலாசம் 192.168 என்று தொடங்கினால், தட்டல் வீட்டுக்கு உள்ளே இருந்து வருகிறது என்று அர்த்தம். வீட்டுக் கருவி ஒன்று கெட்டுப் போயிருக்கலாம். அல்லது வைபையில் வேறு யாராவது நுழைந்திருக்கலாம். ஒவ்வொரு கருவியாகக் கழற்றிப் பார்த்தால் ஆசாமி அகப்படுவான். வைபை பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும்.

கருவிகளைச் சுத்தம் செய்ய, மத்திய அரசு 2017-ல் தொடங்கிய "சைபர் ஸ்வச்தா கேந்திரா" இலவசப் புரோகிராம்கள் தருகிறது.

போனில் வரும் திருடன்

இதைவிடப் பெரிய ஆபத்து போனில் வருகிறது.

"சார், உங்க கம்ப்யூட்டரை எவனோ தாக்குறான். நாங்க சரிபண்ணித் தர்றோம். இந்த ஆப்பைப் போடுங்க" என்று இனிக்க இனிக்கப் பேசுவார்கள். பயந்துபோய்ச் சொன்னபடி செய்தால், 65 ஆயிரம் கதவும் வேண்டாம். வீட்டுக்காரரே வாசலைத் திறந்து, சாவியையும் கையில் கொடுத்த கதைதான்!

அப்படிப் பணம் பறிபோனால் உடனே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்ய வேண்டும். நேரம் கடந்தால் பணம் கை மாறிவிடும்.

செங்கல்பட்டு கிளார்க் அன்று ராத்திரியே மோடத்தின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார். மறுநாள் மாலையும் அதே எச்சரிக்கை வந்தது.

"தட்டுறவன் தட்டட்டும்மா. நீ காபியைக் கொண்டா" என்றார் மகளிடம்.