ஒரே பானைச் சோறு, வேறு வேறு உடம்பு

ஒரே பானையில் ஆக்கிய சோற்றை ஒரே அகப்பையால் பரிமாறினாலும் வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நிறையில் இருப்பதில்லை. அண்ணன் மெலிந்திருப்பான், தம்பி தடித்திருப்பான். இடம்பெயர்ந்து, அளந்து கொடுத்த அரிசியிலும் மாவிலும் பருப்பிலும் சீவித்த குடும்பங்களிடையே இது மனக்கசப்பையும் உண்டாக்கியதுண்டு. "அவளுக்கு எங்கிருந்தோ கூடுதலாகக் கிடைக்கிறது", "இவன் சோம்பேறி" என்று கதைப்போர் உளர். இது சரிதானா?

அனுசேபம்

உண்ட உணவை உடம்பு சக்தியாக்கிச் செலவிடுவதையே அனுசேபம் என்கிறோம். நாம் பாயில் படுத்திருக்கும்போதும் இதயம் துடிக்கிறது, மூச்சு ஓடுகிறது, உடற்சூடு காக்கப்படுகிறது. கடும் உடலுழைப்பு இல்லாத ஒருவர் நாளொன்றுக்குச் செலவிடும் சக்தியில் பாதிக்கு மேல் இவற்றுக்கே போகிறது. பெரிய உடம்புக்கும் தசை கூடிய உடம்புக்கும் இச்செலவு அதிகம். ஆயினும் ஒரே வயதும் உயரமும் நிறையும் உள்ள இருவரிடையேயும் வேறுபாடு உண்டு. அதில் ஒரு பங்கு பிறப்போடு வருவது.

கனடாவில் நடத்திய ஓர் ஆய்வு 1990 இல் வெளியாயிற்று. உருவொத்த இரட்டையர் 12 சோடிகளுக்கு, 100 நாட்களில் 84 நாட்கள், நாளுக்கு 1,000 கலோரி கூடுதலாக உணவு கொடுத்தார்கள். ஒருவருக்கு 4 கிலோ அளவே கூடியது. வேறொருவருக்கு 13 கிலோ கூடியது. ஆனால் வெவ்வேறு சோடியினரிடையே இருந்த வேறுபாட்டைவிட, ஒரு சோடியிலுள்ள இருவரிடையே இருந்த வேறுபாடு மிகக் குறைவு.

பசியில் உடம்பின் சிக்கனம்

1945 இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 இளைஞர்கள் தாமாகவே முன்வந்து 24 கிழமைகள் அரைவயிறு உண்டார்கள். அவர்களுடைய நிறை நாலில் ஒரு பங்கு குறைந்தது. அதோடு நாடித்துடிப்பு மந்தமாயிற்று. குளிர் தாங்க முடியவில்லை. எதிலும் நாட்டம் குன்றியது. கிடைப்பதைக் கொண்டு உயிரைக் காக்க உடம்பு தன் செலவைக் குறைத்துக்கொள்கிறது. எனவே பசித்திருந்தவரின் சோர்வைச் சோம்பல் என்று சொல்வது அநியாயம்.

கவனிக்க வேண்டியவை

பிறவியிலேயே மெலிந்தவர் நோயாளி அல்லர். ஆனால் வழக்கமாக இருந்த நிறை காரணமின்றி இறங்கினால் அது எச்சரிக்கை. இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருந்தால் சயரோகப் பரிசோதனை செய்விக்க வேண்டும். அடிக்கடி தாகமும் சலமும் என்றால் அது சலரோகமாக இருக்கலாம். நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்து, நெஞ்சு படபடத்துக் கை நடுங்கினால் கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்யக்கூடும். அது மந்தமானால் சோர்வும் குளிரும் நிறை கூடுதலும் வரும். இவை எல்லாவற்றுக்கும் வைத்தியம் உண்டு.

குழந்தைகளில் இன்னும் கவனம் தேவை. ஒரு வயதுக் குழந்தையின் உடம்பு, அதன் பருமனுக்குப் பார்த்தால், வளர்ந்தவரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சக்தியைச் செலவிடுகிறது. சிறிய வயிறு ஒரே தடவையில் அதைக் கொள்ளாது. ஆகவே பலமுறை சிறிது சிறிதாக ஊட்டுங்கள். சோற்றில் பருப்பும் கொஞ்சம் எண்ணெயோ தேங்காய்ப்பாலோ சேருங்கள். மாதந்தோறும் நிறுத்துப் பாருங்கள். பதிவேட்டில் கோடு ஏறாமல் நின்றாலோ இறங்கினாலோ குடும்பநல மாதுவிடம் உடனே காட்டுங்கள்.

அயல்வீட்டுப் பிள்ளையோடு உங்கள் பிள்ளையை ஒப்பிட வேண்டாம். போன மாத நிறையோடு இந்த மாத நிறையை ஒப்பிடுங்கள். அதுவே சரியான அளவுகோல்.