இரண்டு நாள்தானே!

வெளியூர் லாட்ஜில் ஏமாறுவது புதிதல்ல. ஊர் திரும்பிய பிறகும் கணக்குக் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

புனே ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள வில்சன் கார்டன் பகுதியில் லாட்ஜுகளுக்குப் பஞ்சமில்லை. பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க வரும் பெற்றோர், நேர்முகத் தேர்வுக்கு வரும் இளைஞர்கள், மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்க வரும் தாய்மார்கள் என்று தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களில் பலருக்கு நட்சத்திர ஓட்டல் கட்டுப்படியாகாது. அவர்கள் கேட்பது அதிகமில்லை. துவைத்த விரிப்பு, ஒரு வாளி வெந்நீர், தாழ்ப்பாள் உள்ள கதவு. அந்த மூன்றும் கிடைக்காதபோதுதான் பிரச்சினை.

முதல் அதிர்ச்சி கடிகாரத்தில். பல லாட்ஜுகளில் ஒரு நாள் என்பது பகல் 12 மணியிலிருந்து மறுநாள் பகல் 12 மணி வரை. திங்கள் அதிகாலை 5 மணிக்கு ரயிலிலிருந்து இறங்கி அறை எடுத்து, செவ்வாய் மாலை 6 மணிக்குக் காலி செய்தால் தங்கியது 37 மணி நேரம். இருபத்துநான்கு மணி நேரக் கணக்கில் இது இரண்டு நாள் வாடகை. பன்னிரண்டு மணிக் கணக்கில் மூன்று நாள். இரண்டில் எந்தக் கணக்கு என்பதைப் பணம் கட்டுமுன் கேட்டுவிட வேண்டும். சாவியை வாங்கிய பிறகு கேட்டால், மேஜைக்குப் பின்னால் தொங்கும் அட்டையைக் கை காட்டுவார்கள்.

அடுத்தது படம். நிலையத்தை ஒட்டிய ஒரு லாட்ஜில் இணையத்தின் வழியே பதிவு செய்து இரண்டு இரவுகள் தங்கினேன். படத்தில் இருந்த ஜன்னல் அறையிலும் இருந்தது. திரையை விலக்கினால் ஒரு முழ தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். தலையணை உறையில் முன்பு தங்கியவரின் எண்ணெய்க் கறை. வெந்நீர் காலை 6 முதல் 8 வரை மட்டும். அதற்கான சுவிட்ச் கீழே வரவேற்பு மேஜையில். வேறு அறை கேட்டதற்கு, "ஆன்லைன் ரேட்டுக்கு இந்த ரூம்தான்" என்று இந்தியில் பதில் வந்தது. பதிவு செய்த நிறுவனத்துக்குப் போன் செய்தால் லாட்ஜைக் கேட்கச் சொன்னார்கள். லாட்ஜில் நிறுவனத்தைக் கேட்கச் சொன்னார்கள். பக்கத்து அறைக் குடும்பத்தினர் சமாதானம் சொன்னார்கள்: "இரண்டு நாள்தானே, சமாளித்துக்கொள்ளலாம்."

இந்த 'இரண்டு நாள்தானே' என்ற மனப்பான்மைதான் மோசமான லாட்ஜுகளின் மூலதனம். வந்தவருக்கு மொழி தெரியாது, வந்த வேலை முக்கியம், பிடிக்க வேண்டிய ரயில் இருக்கிறது. மீண்டும் இதே லாட்ஜுக்கு வரப்போவதில்லை.

வழிப்போக்கர் திரும்பி வரமாட்டார் என்பது நம் சத்திரங்களைக் கட்டியவர்களுக்கும் தெரியும். புனேயில் வளர்ந்த சிவாஜியின் மாற்றாந்தாய்ச் சகோதரர் ஏகோஜி 1670களில் தஞ்சையில் மராட்டிய ஆட்சியை நிறுவினார். அந்த வம்சத்தினர் ராமேசுவரம் போகும் யாத்ரீகர்களுக்காக வழிநெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் உள்ள முத்தாம்பாள் சத்திரம் அவற்றில் ஒன்று. இரண்டாம் சரபோஜி 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சத்திரங்கள் நடந்த விதம் பதிவாகியிருக்கிறது. நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்களைக் கூப்பிட்டுச் சோறு போட்டார்கள். வழியில் நோய்வாய்ப்பட்டவர்களுக்குக் குணமாகும்வரை மருந்தும் உணவும் கொடுத்துக் கவனித்தார்கள். வாடகை என்ற பேச்சே இல்லை.

தர்மத்தின் இடத்தில் வியாபாரம் வந்தபோது சட்டமும் வந்தது. 1867ஆம் ஆண்டின் சராய்கள் சட்டம், பயணிகள் தங்கும் விடுதிகளைப் பதிவு செய்ய வேண்டும், அறைகளைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், தண்ணீர் எடுக்கும் கிணறு, குளங்களைத் தூய்மையாகப் பராமரிக்க வேண்டும், காவலாள் போட வேண்டும் என்றது. சுத்தமான அறை என்பது சலுகை அல்ல, கடமை என்பது அப்போதே எழுதப்பட்டுவிட்டது.

இன்று பயணிக்குக் கைகொடுப்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 2020 ஜூலையில் அது நடைமுறைக்கு வருமுன், லாட்ஜ் புனேயில் என்றால் பெரும்பாலும் புனேயில்தான் வழக்குப் போட வேண்டியிருந்தது. இப்போது புகார் செய்பவர் குடியிருக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். புனேயில் கட்டிய வாடகைக்கு மதுரையில் நியாயம் கேட்கலாம். கட்டிய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். பதிவு செய்து கொடுக்கும் இணைய நிறுவனங்களும் தப்ப முடியாது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும்.

நடைமுறை அத்தனை சுலபம் அல்ல. ஆணையங்களில் வழக்குகள் இழுபடுகின்றன. மூவாயிரம் ரூபாய்க்காக யார் அலைவது என்ற கேள்வி நியாயமானதுதான். அதற்கு முந்தைய படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதில் தமிழிலும் பேசலாம். ஜன்னல், தலையணை உறை, இணையத்தில் காட்டிய படம், ரசீது ஆகியவற்றைச் சேர்த்துப் புகார் செய்தேன். இருபது நாள் கழித்து ஓர் இரவின் வாடகை திரும்ப வந்தது.

கையில் ஆதாரம் இல்லாமல் எந்தப் புகாரும் நிற்காது. அறைக்குள் நுழைந்ததும், பெட்டியைத் திறக்குமுன், நாலு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ஜி.எஸ்.டி. வசூலித்தால் அந்த எண்ணோடு ரசீது கேட்க வேண்டும், ரூ. 7,500 வரை நாள் வாடகை உள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதம்தான். ரயில் பயணிகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. பெரிய நிலையங்களில் உள்ள ஓய்வறைகளை, உறுதியான டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணைக் கொடுத்து முன்கூட்டியே பதிவு செய்யலாம். அதிகாலையில் இறங்கி அன்றிரவே திரும்புகிறவர்களுக்கு அதுவே போதும்.