நட்ட முடி கொட்டுகிறதா? பதற வேண்டாம்!

சீட்டு எடுத்தும் சம்பளக் கடன் வாங்கியும் முன்மண்டையில் முடி நட்டுக்கொள்கிறார்கள் சிலர். மூன்றாவது வாரம் தலை துவட்டினால் துண்டு முழுவதும் முடி! "போட்ட பணம் போச்சே" என்று நெஞ்சு படபடக்கிறது.

பதற வேண்டாம். பெரும்பாலோருக்கு இப்படித்தான் நடக்கிறது.

வேர் போகவில்லை

பின்மண்டை முடியை வேரோடு எடுத்து முன்னால் பதிக்கிறார்கள். இடம் மாறிய அதிர்ச்சியில் வேர் சிறிது காலம் ஓய்ந்துவிடும். மேலே உள்ள முடி 2 முதல் 8 வாரங்களுக்குள் உதிரும். வேர் தோலுக்குள்ளேயே இருக்கும். பிடுங்கி நட்ட நாற்று முதலில் வாடிப் பிறகு தழைக்கிறது அல்லவா? அதுபோலத்தான்.

3, 4 மாதத்தில் புது முடி மெல்லியதாக முளைக்கும். முழுப் பலன் தெரிய ஓராண்டு ஆகும். அக்கம்பக்கத்துப் பழைய முடியும் சிறிது கொட்டலாம். அதுவும் பெரும்பாலும் திரும்ப வளரும்.

செய்யக் கூடாதவை

பொருக்கைச் சுரண்டாதீர்கள். யாரோ சொன்ன எண்ணெய்க்கும் மாத்திரைக்கும் மேலும் பணத்தைக் கொட்டாதீர்கள். டாக்டர் கொடுத்த மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

காய்ச்சல், சீழ், கூடிக்கொண்டே போகும் வலி, இவற்றில் எது வந்தாலும் அன்றே டாக்டரிடம் போங்கள்.

யாரிடம் போவது?

முடி நடுவதும் ஆபரேஷன்தான். முறையான அறுவைப் பயிற்சி பெற்ற டாக்டரே செய்யவேண்டும், யூடியூப் பார்த்துக் கற்றது போதாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் கூறியது.

ரசீதையும், நடுவதற்கு முன் எடுத்த போட்டோவையும் பத்திரமாக வைத்திருங்கள். ஓராண்டு கழித்தும் முளைக்காவிட்டால், நட்டவரிடம் கேட்க அவை உதவும்.