விரல் விரித்த புல்

மாட்டுக்குப் புல் அறுக்கிறோம். அது என்ன புல் என்று பார்க்கிறோமா?

ஸ்கூடாயில் வீட்டோரம், திடல், மேய்ச்சல் வெளி என எங்கும் முளைப்பது சம்பாவ் புல். அறிவியல் பெயர் எலியூசின் இண்டிகா. நம் கேழ்வரகுக்கு நெருங்கிய சொந்தம். அதனால்தான் கதிர்கள் விரல் விரித்தாற்போல் இருக்கின்றன.

அடையாளம் காண்பது எளிது. தண்டின் அடி தட்டையாக, வெளுத்திருக்கும். பிடுங்கினால் வேர் இலேசில் வராது. கதிரில் மணிகள் இரண்டு வரிசையாக நெருங்கி நிற்கும். காக்காய்க்கால் புல்லும் இதே சாயல்தான். ஆனால் அதன் கதிர் நுனியில் மணியில்லாத கூர்முனை நீட்டிக்கொண்டிருக்கும். சம்பாவில் அது இருக்காது.

இது ஓராண்டுப் புல். விதையால்தான் பிழைக்கிறது. ஆகவே, களையாக மண்டும் இடத்தில் விதை உதிரும் முன்பே பிடுங்கிவிட வேண்டும்.

மருந்தை மட்டும் நம்புவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். கிளைபோசேட் களைக்கொல்லிக்கு மசியாத சம்பாவ், 1997-இல் பேராக், தெலுக் இந்தானில் கண்டறியப்பட்டது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால், அதற்குச் சாகாத செடிகளே விதை போட்டுப் பெருகும்.

இளம்புல்லை மாடு விரும்பி மேயும். மருந்தடித்த இடத்தில் மாட்டைக் கட்டாதீர்கள்.