கொன்றது, கொல்லும், கொல்லுமாம்

கஞ்சாச் செடியிலுள்ள சேர்மங்கள் நோய்க்கிருமிகளைக் கொல்லும் என்னும் செய்தி கைப்பேசி வழியே நம் மாணவர்களையும் வந்தடைகின்றது. இது மருத்துவர்க்கும் வேதியியலார்க்கும் உரிய பொருளாயிற்றே, மொழியியல் உரையில் இதற்கு என்ன இடம் எனச் சிலர் வினவலாம். ஆய்வுக்கூடத்தில் பிறந்த ஒரு செய்தி பாரிட் புந்தார் வகுப்பறைக்கு வந்து சேர்வதற்குள் அதன் பெயர்ச்சொல்லும் வினைமுற்றும் உருமாறிவிடுகின்றன. அம்மாற்றத்தை விளக்குவதே நம் நோக்கம்.

முதலில் பெயர்ச்சொல்லைக் காண்போம். 'கஞ்சா' என்பது தமிழிலும் மலாயிலும் ஏறத்தாழ ஒரே வடிவில் வழங்கும் சொல். போதைக்காகப் பயன்படும் உலர்ந்த பூந்துணரைக் குறிப்பது. ஆய்வாளர் சோதிப்பது பெரும்பாலும் அதனை அன்று. அச்செடியிலிருந்து பிரித்தெடுத்த அல்லது ஆய்வுக்கூடத்தில் ஆக்கிய தனிச் சேர்மங்களையே. கன்னாபினாய்டுகள் எனப்படும் இச்சேர்மங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை. அவற்றுள் டெட்ராஹைட்ரோகன்னாபினோல் போதை தருவது. கன்னாபிடையோலும் கன்னாபிஜெரோலும் அவ்வாறு போதை தருவன அல்ல. ஒருகாலத்தில் கரும்புத் தோட்டங்கள் இருந்த கிரியான் வட்டாரத்தவர், சர்க்கரையைக் கரும்பு என்று சொல்வதில்லை. இவ்வேறுபாடும் அத்தகையதே.

அடுத்து, ஆய்வுகள் கண்டவை எவை? 1976இல் நெதர்லாந்து ஆய்வாளர் இருவர், டெட்ராஹைட்ரோகன்னாபினோலையும் கன்னாபிடையோலையும் சில பாக்டீரியா வகைகளின்மீது சோதித்தனர். வளர்ப்பு நீர்மத்தில் மில்லிலிட்டருக்கு 1 முதல் 5 மைக்ரோகிராம் அளவே அவற்றை ஒடுக்கப் போதுமானதாயிற்று. அந்நீர்மத்தில் 5 விழுக்காடு குருதி கலந்தபோதோ 50 மைக்ரோகிராம் தேவைப்பட்டது. கன்னாபினாய்டுகள் குருதியிலுள்ள புரதங்களோடு எளிதில் பிணைந்துகொள்வன. எஞ்சுவதே கிருமியைத் தாக்கும். கண்ணாடிக் குடுவைக்கும் மனித உடலுக்கும் இடையிலுள்ள தொலைவை இவ்விரு எண்களே காட்டிவிடுகின்றன.

2020இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மெத்திசிலின் மருந்துக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவின்மீது கன்னாபிஜெரோலைச் சோதித்தனர். அச்சேர்மம் பாக்டீரியாவின் உயிரணுச் சவ்வைச் சிதைத்தது. நோயுற்ற சுண்டெலிகளின் உடலில் கிருமியின் பெருக்கத்தையும் குறைத்தது. கிராம்-எதிர் வகைப் பாக்டீரியாவுக்குப் புறத்தே இன்னொரு சவ்வு அரணாக இருப்பதால், பாலிமிக்சின் பி என்னும் மருந்தையும் சேர்த்து அவ்வரணைத் தளர்த்திய பின்னரே கன்னாபிஜெரோல் பயன் தந்தது.

தீநுண்மியாகிய வைரசின் நிலை வேறு. 2022இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார், கன்னாபிடையோல், கன்னாபிஜெரோல் ஆகியவற்றின் அமில வடிவங்கள் கொரோனாத் தீநுண்மியின் கூர்ப்புரதத்தைப் பற்றிக்கொண்டு, அது உயிரணுவுக்குள் நுழைவதைத் தடுத்ததாக அறிவித்தனர். அச்சோதனை நிகழ்ந்தது ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களில். மேலும், அவ்வமில வடிவங்கள் சூடேறினால் வேறு சேர்மங்களாக மாறிவிடும். ஆதலின் கஞ்சாவைப் புகைப்பதற்கு இவ்வாய்வு சான்றாகாது.

இனி வினைமுற்றுக்கு வருவோம். 'கொன்றது' என்பது இறந்தகால முற்று. எங்கே, எதனை, எவ்வளவால் என்னும் வினாக்களை உடன் அழைத்து வருவது. 'கொல்லும்' என்பதோ 'நெருப்புச் சுடும்' என்பதைப் போல, எக்காலத்தும் எவ்விடத்தும் பொருந்தும் இயல்பை உரைப்பது. 'கொல்லலாம்' வாய்ப்பை மட்டும் சுட்டும். 'கொல்லுமாம்' என்பதில் ஈற்றிலுள்ள 'ஆம்', இது பிறர் சொல்லக் கேட்டது என உணர்த்தும். ஆய்வாளர் 'கொன்றது' என எழுதி, 'மருந்தாக உதவலாம்' என முடிக்கின்றார். செய்தித் தலைப்பு அதனைக் 'கொல்லும்' என்கின்றது. கேட்டவர் 'கொல்லுமாம்' என்கின்றார். அந்த 'ஆம்' நேர்மையானது. அடுத்தவர் அதனை விடுத்து, 'கஞ்சா நோயைக் குணப்படுத்தும்' என்று அனுப்புகின்றார். பெயரும் மாறிற்று, வினையும் மாறிற்று.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. பழைய மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியா பெருகிவரும் இக்காலத்தில் இவ்வாய்வுகள் உலகிற்குத் தேவை. ஆயினும் கன்னாபினாய்டு எதுவும் பாக்டீரியாவுக்கோ வைரசுக்கோ எதிரான மருந்தாக இன்னும் ஒப்புதல் பெறவில்லை. அமெரிக்காவில் கன்னாபிடையோல் 2018இல் ஒப்புதல் பெற்றது அரியவகை வலிப்பு நோய்களுக்கே. நம் நாட்டிலோ, 1952ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டப்படி 200 கிராம் கஞ்சா வைத்திருப்பவர் அதனைக் கடத்துபவராகவே அனுமானிக்கப்படுவார். கட்டாய மரண தண்டனை 2023இல் நீக்கப்பட்டபோதிலும், மரண தண்டனை விதிக்கும் அதிகாரம் நீதிமன்றத்திடம் இன்னும் உண்டு. காய்ச்சல் கண்டவர் மருத்துவமனைக்குச் செல்லாமல் காலம் தாழ்த்துவதும், ஓர் இளைஞர் சிறை புகுவதும் இத்தகைய ஒரு வினைமுற்றை நம்பியதால் நேரலாம்.

ஆசிரியர்கள் இதனை இலக்கணப் பயிற்சியாகவே வகுப்பில் நடத்தலாம். மருத்துவச் செய்தி ஒன்றைக் கரும்பலகையில் எழுதி, வினைமுற்றின்கீழ் கோடிடச் செய்க. பின்னர் எது, எதனை, எங்கே, எவ்வளவு என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை தேடச் செய்க. விடை கிடைக்காத வினாவையும் எழுதி வைத்தல் வேண்டும். இறுதியில் மாணவர் அச்செய்தியைத் திருத்தி எழுதட்டும். 'கஞ்சா கிருமியைக் கொல்லும்' என்று தொடங்கிய வாக்கியம், 'மெத்திசிலினுக்கு அடங்காத பாக்டீரியாவைக் கன்னாபிஜெரோல் சுண்டெலிகளின் உடலில் குறைத்தது. மனிதர்க்கு உதவுமா என்பது இனிமேல் ஆராயத்தக்கது' என முடியுமாயின், அம்மாணவர் இலக்கணத்தோடு அறிவியலையும் கற்றவராவார்.